யாருடைய திறமை? பிரான்சின் உச்சக் கல்விக்கூடங்களும் புறநகர்ப் பிள்ளைகளும்

எம்மவர் மத்தியில் கல்வி பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே சொல்லில் தொடங்கி அதே சொல்லில் முடிகிறது: திறமை. திறமையுள்ள பிள்ளை எங்கிருந்தாலும் மேலே வரும் என்பது எமது சமூகத்தின் அசையாத நம்பிக்கை. 1970களில் தரப்படுத்தலுக்கு எதிராக எழுந்த குரலும் இந்த நம்பிக்கையின் மீதே நின்றது. இன்று பாரிசின் வடகிழக்குப் புறநகர்களான லா கூர்னேவிலும் பொபினியிலும் போந்தியிலும் எமது பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்கள் விடயத்தில் இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், பிரெஞ்சுக் கல்வியமைப்பின் உச்சியில் இருப்பது என்ன, அங்கே போகும் வழி எவ்வாறு அமைந்துள்ளது, வசதி குறைந்த பிள்ளைகளை அவ்வழியில் ஏற்றிவிட இந்நாட்டில் நடந்த முயற்சிகள் எவை, அவை சாதித்தது எது, சாதிக்காதது எது என்பனவற்றை விளக்கவேண்டியுள்ளது.

இரண்டு மாடிகள்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவர்களிலும் ஒரு பகுதியினருக்கே பல்கலைக்கழகம் கிடைக்கும் நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். ஆகவே பல்கலைக்கழகம் என்பதே எமக்குக் கல்வியின் உச்சி. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் லாச்சப்பலில் இனிப்பு வாங்கி அயலவருக்குக் கொடுக்கிறோம். அந்த மகிழ்ச்சியை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பிரான்சில் பல்கலைக்கழகம், சில துறைகள் நீங்கலாக, 'பக்' பரீட்சையில் சித்தியடைந்தவருக்குப் பெரும்பாலும் திறந்திருக்கும் கதவு. அதற்கு மேலே இன்னொரு மாடி உண்டு. 'கிராந் எக்கோல்' எனப்படும் உயர்கல்விக்கூடங்கள் அங்கேதான் இருக்கின்றன.

எக்கோல் பொலிடெக்னிக், எக்கோல் நோர்மல் சுப்பேரியர் ஆகிய இரண்டும் 1794இல், புரட்சியின் நடுவே பிறந்தவை. அரசியல் கல்விக்கான சியான்ஸ் போ 1872இல் தொடங்கியது. உயர் நிர்வாகிகளைப் பயிற்றுவிக்க 1945இல் தொடங்கப்பட்ட 'எனா' 2021 இறுதியோடு மூடப்பட்டு, அதன் இடத்தில் வேறொரு நிறுவனம் அமைந்தது. ஜாக் சிராக், பிரான்சுவா ஒலாந்து, இம்மானுவேல் மக்றோன் ஆகிய மூன்று ஜனாதிபதிகளும் சியான்ஸ் போவிலும் எனாவிலும் படித்தவர்கள். ஒருவர் வலதுசாரி, ஒருவர் சோசலிஸ்ட், ஒருவர் இரண்டுமல்ல என்றவர். கட்சி மாறினாலும் ஆள்வோர் படித்த வகுப்பறை மாறுவதில்லை. அமைச்சுகள், வங்கிகள், பெரிய கம்பனிகள் ஆகியவற்றின் தலைமையிலும் இதே நிலைதான்.

இம்மாடிக்குப் போகும் பிரதான ஏணி 'பிரெப்பா' எனப்படும் ஆயத்த வகுப்பு. பக் பரீட்சைக்குப் பின் இரண்டு ஆண்டுகள் ஒரு லிசேயிலேயே கடுமையாகப் படித்து, எழுத்திலும் வாய்மொழியிலும் போட்டிப் பரீட்சை எழுதவேண்டும். பிரெப்பாக்களிலும் தரவரிசை உண்டு. பாரிசின் ஐந்தாம் வட்டாரத்தில் உள்ள லூயி-லு-கிராந், நான்காம் ஹென்றி ஆகிய லிசேக்களின் பிரெப்பாவில் இடம் கிடைப்பதே பாதி வெற்றி.

புரட்சி பிறப்புரிமையை ஒழித்து, அதன் இடத்தில் பரீட்சையை வைத்தது. பெயர் தெரியாத விடைத்தாள், எல்லோருக்கும் ஒரே கேள்வி. இதைவிட நியாயமான ஏற்பாடு என்ன இருக்க முடியும்? இக்கேள்வியைத் தலைகீழாகப் புரட்டியவர் பியர் பூர்தியூ. பேயார்ன் கிராமப்புறத்தில் தபால் ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, லூயி-லு-கிராந் வழியாக எக்கோல் நோர்மல் வரை போனவர் அவர். ஜோன்-குளோட் பஸ்ரோனுடன் சேர்ந்து 1964இல் 'வாரிசுகள்', 1970இல் 'மறு உற்பத்தி' ஆகிய நூல்களையும், தனியாக 1989இல் 'அரச பிரபுத்துவம்' என்ற நூலையும் எழுதினார். வீட்டில் பேசப்படும் மொழி, புத்தக அலுமாரி, மேசையில் நடக்கும் உரையாடல், எந்தப் பாடசாலை எதற்கு இட்டுச்செல்லும் என்ற அறிவு ஆகிய எல்லாம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் ஒருவகைச் சொத்து என்றார். பரீட்சை அந்தச் சொத்தைத்தான் அளக்கிறது. அளந்துவிட்டு அதற்குத் திறமை என்று பெயரிடுகிறது. எமது சிறுபத்திரிகைகளில் பண்பாட்டு மூலதனம் என்ற பெயரில் இக்கருத்துப் பலமுறை விவாதிக்கப்பட்டிருக்கிறது. அதை எமது சொந்தப் பிள்ளைகளின் பாடசாலை அறிக்கையோடு வைத்துப் பார்த்தது குறைவு.

பணம் மட்டுமா தடை?

அமெரிக்காவில் பெரிய கல்லூரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது கட்டணம். பிரான்சில் கதை வேறு. அரச பிரெப்பாக்களில் கட்டணம் மிகச் சொற்பம். அரச உதவிப்பணம் பெறும் மாணவருக்கு அதுவும் இல்லை. பொலிடெக்னிக்கில் பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள மாணவருக்குச் சம்பளமே வழங்கப்படுகிறது. எக்கோல் நோர்மலில் போட்டிப் பரீட்சை மூலம் சேர்வோர் அரச ஊழியர் தரத்தில் ஊதியம் பெறுகிறார்கள். வணிகக் கல்விக்கூடங்கள்தான் விலையுயர்ந்தவை. ஆகவே பணமே முழுத் தடை என்றால், குறைந்தபட்சம் பொறியியலிலும் விஞ்ஞானத்திலும் தொழிலாளர் பிள்ளைகள் நிறைந்திருக்க வேண்டும்.

அப்படி இல்லை. பாரிசிலுள்ள பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016–17 கல்வியாண்டில் கிராந் எக்கோல் மாணவர்களில் 64 வீதத்தினர் மிக வசதியான சமூகப் பிரிவுகளிலிருந்து வந்தவர்கள். அந்த வயதினரிடையே அப்பிரிவுகளின் பங்கு 23 வீதம் மட்டுமே. தொழிலாளர்களினதும் வேலையில்லாதோரினதும் பிள்ளைகள் அந்த வயதினரில் 36 வீதம். கிராந் எக்கோல்களில் 9 வீதம். 2000களின் நடுப்பகுதியிலிருந்து பத்து ஆண்டுகளில் இந்த விகிதங்கள் ஏறக்குறைய அசையவே இல்லை என்பதும் அவ்வறிக்கையின் முடிவு.

இன்னொரு முடிவுதான் எமக்கு முக்கியமானது. கொலேஜ் முடிவில் பிள்ளைகள் பெறும் புள்ளிகளின் வேறுபாட்டை எடுத்துக்கொண்டால், அது இந்த ஏற்றத்தாழ்வில் பாதிக்கும் குறைவானதையே விளக்குகிறது. அதாவது ஒரே புள்ளிகள் பெற்ற இரு பிள்ளைகளில் ஒன்று மேல்மாடிக்குப் போகிறது, மற்றது போகவில்லை. மிகுதிப் பாதியைத் திறமை என்ற சொல்லால் விளக்க முடியாது. அது எங்கே தொலைகிறது?

பிள்ளை தொலையும் இடங்கள்

முதல் இடம் கொலேஜின் கடைசி ஆண்டு. பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து வயது. பொது லிசேக்குப் போவதா, தொழிற்கல்விக்குப் போவதா என்று அந்த ஆண்டில் தீர்மானிக்கப்படுகிறது. இரண்டாம் தவணையில் ஒரு படிவம் வரும். பெற்றோர் தமது விருப்பத்தைத் தற்காலிகமாக எழுதவேண்டும். மூன்றாம் தவணையில் இறுதி விருப்பம். வகுப்புச் சபை கூடிப் பதில் சொல்லும். அப்பதில் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக இருந்தால் அதிபரைச் சந்தித்துப் பேசலாம். அதிபரும் மறுத்தால் மூன்று வேலை நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு. மருத்துவரின் வீட்டில் இது தெரிந்த விடயம். எமது வீடுகளில், சபை சொன்னதே தீர்ப்பு.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் மாலி நாட்டவர், போர்த்துக்கேயர், வங்காளியர், தமிழர் எனப் பலரும் ஒரே வரிசையில் நின்று பெட்டி அடுக்குகிறோம். ஒரு காலத்தில் கணிதம் கற்பித்தவன் என்பதால், இடைவேளையில் பாடசாலைக் கடிதங்களை என்னிடம் காட்டுவோர் உண்டு. அநேகமாக அக்கடிதத்தை வீட்டில் முதலில் மொழிபெயர்த்தவர் அந்தப் பிள்ளையே. தனக்கு வேண்டியதைச் சொல்லும், வேண்டாததை விட்டுவிடும். இப்போது எல்லாம் கைத்தொலைபேசியிலேயே வருகின்றன. கடவுச்சொல் பிள்ளையிடம் இருக்கிறது. தாய்தகப்பன் அக்கறையற்றவர்கள் என்று ஆசிரியர் நினைக்கிறார். பிள்ளை நன்றாகப் படிக்கிறது, ஆசிரியர் பேசாமல் இருக்கிறார், ஆகவே எல்லாம் சரி என்று தாய்தகப்பன் நினைக்கிறார்கள்.

தொழிற்கல்வியை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. மின்னிணைப்பாளரும் சமையற்காரரும் இல்லாமல் பாரிஸ் ஒருநாள் கூட இயங்காது. பொறியியலாளரின் மகன் விரும்பி மரவேலைக்குப் போவது தெரிவு. கணிதத்தில் பதினாறு புள்ளி எடுக்கும் தொழிலாளியின் மகள், வேறு வழி இருக்கிறதென்று தெரியாமலே கணக்குப்பதிவுக்குப் போவதைத் தெரிவு என்று எப்படி அழைப்பது?

இரண்டாவது இடம் லிசே. 2019இல் தொடங்கிய சீர்திருத்தத்தின் பின், கடைசிக்கு முந்திய ஆண்டில் மூன்று சிறப்புப் பாடங்களைத் தெரிவுசெய்து, கடைசி ஆண்டில் அவற்றில் ஒன்றைக் கைவிடவேண்டும். கணிதம் கடினம் என்று பதினாறு வயதில் கைவிடும் பிள்ளை, தன்னை அறியாமலே விஞ்ஞான, பொறியியல் பிரெப்பாக்களின் கதவை மூடிவிடுகிறது. இது எந்த விதியிலும் கொட்டை எழுத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. தெரிந்தவர் வீட்டில் தெரியும்.

மூன்றாவது இடம், 2018இல் வந்த பார்க்கூர்சுப் என்னும் தேசிய விண்ணப்ப முறை. பத்து விருப்பங்கள் வரை, வரிசைப்படுத்தாமல் பதியலாம். தெரிவில் கடைசி இரு ஆண்டுகளின் தவணைப் புள்ளிகளுக்கும் ஆசிரியர்களின் கருத்துக்கும் பெரும் இடமுண்டு. பிரெப்பா உள்ளிட்ட, போட்டி மிகுந்த கற்கைகளில் உதவிப்பணம் பெறும் மாணவருக்கு ஒரு குறைந்தபட்ச வீதம் ஒதுக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் விருப்பத்தைப் பதியாத பிள்ளைக்கு எந்த ஒதுக்கீடும் உதவாது. 'அது எங்களுக்கானதல்ல' என்று பிள்ளை தானாகவே விலகிவிடுகிறது. வாசலில் நிற்கும் காவலனுக்கு வேலையே இல்லை.

திறக்கப்பட்ட சில கதவுகள்

1981இல் சோசலிஸ்ட் அரசின் கல்வி அமைச்சர் அலன் சவாரி முன்னுரிமைக் கல்வி வலயங்களை உருவாக்கினார். குறைவாக உள்ளவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பது என்ற கொள்கை அதோடு பிரெஞ்சுப் பாடசாலைக்குள் நுழைந்தது. ஆனால் அது மேல்மாடியைத் தொடவில்லை.

மேல்மாடியைத் தொட்டது 2001. சியான்ஸ் போவின் இயக்குநராக இருந்த ரிஷார் தெகுவான், பின்தங்கிய பகுதிகளைச் சேர்ந்த ஏழு லிசேக்களோடு உடன்படிக்கை செய்தார். அந்த லிசேக்களின் மாணவர்கள் வழமையான எழுத்துப் பரீட்சை எழுதத் தேவையில்லை. ஒரு விடயத்தைத் தாமே தெரிவுசெய்து, பத்திரிகைச் செய்திகளைத் திரட்டி, தொகுத்து எழுதி, முதலில் தமது லிசேயிலும் பின்னர் சியான்ஸ் போவிலும் நடுவர்களின் முன் பேச வேண்டும். முதல் ஆண்டில் பதினேழு பேர் தெரிவானார்கள். உள்ளே போனபின் அவர்களுக்கெனத் தனிப் பாடம் இல்லை, தனிப் பட்டம் இல்லை.

பதினேழு பேருக்காக எழுந்த சத்தம் பெரியது. குடியரசின் சமத்துவம் போயிற்று, பின்கதவு திறந்தாயிற்று, தரம் குறையும் என்றார்கள். ஒரு மாணவர் சங்கம் நீதிமன்றம் போனது. தெரிவு புறநிலையான அளவுகோல்களின்படி அமைய வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசியலமைப்புச் சபை 2001இல் இதற்கு இடமளித்தது. இருபது ஆண்டுகளில் உடன்படிக்கை நூற்றுக்கு மேற்பட்ட லிசேக்களுக்கு விரிந்தது. 2021இல் எல்லா விண்ணப்பதாரருக்கும் எழுத்துப் பரீட்சையே கைவிடப்பட்டது. பின்கதவு என்று இகழப்பட்டது ஓரளவுக்கு முன்கதவின் அமைப்பையே மாற்றிவிட்டது.

சேர்ஜியில் உள்ள எசெக் வணிகக் கல்விக்கூடம் 2002இல் வேறொரு வழியை எடுத்தது. 'ஒரு கிராந் எக்கோல்: நான் ஏன் போகக்கூடாது?' என்பதே அத்திட்டத்தின் பெயர். அங்கே பரீட்சை மாற்றப்படவில்லை. அயலிலுள்ள லிசே மாணவர்களுக்கு எசெக் மாணவர்களே வாரந்தோறும் துணைநின்று, பேசவும் விவாதிக்கவும் நகரின் அரங்குகளில் தயக்கமின்றி நுழையவும் பழக்கினார்கள். நான்காம் ஹென்றி லிசே 2006இல் உதவிப்பணம் பெறும் மாணவருக்கென ஓர் ஆயத்த வகுப்பைத் திறந்தது. 2008இல் அரசு இத்தகைய முயற்சிகளை நாடளாவிய ஒரு திட்டமாக்கியது.

2010 ஜனவரியில் இன்னொரு விவாதம் வெடித்தது. ஒவ்வொரு கிராந் எக்கோலிலும் 30 வீதமானோர் உதவிப்பணம் பெறுவோராக இருக்கவேண்டும் என்று அரசு விரும்பியது. கல்விக்கூடங்களின் கூட்டமைப்பு, இதனால் தரம் குறையும் என்று எச்சரித்தது. பிரெப்பாக்களில் அந்த இலக்கு விரைவிலேயே எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது, கட்டண விலக்கு மட்டும் பெறும் கீழ் நடுத்தர வர்க்கத்தினரும் அக்கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளனர் என்ற விமர்சனம் எழுந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒவ்வொரு லிசேயிலும் மிகச் சிறந்த புள்ளிகள் பெறும் மாணவருக்குப் போட்டி மிகுந்த கற்கைகளில் சில இடங்களை ஒதுக்க வழிசெய்தது. அந்த அளவு பத்து வீதம் என வரையறுக்கப்பட்டது. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலம் 1997இல் இதே வகையான சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. பாரிசின் பெரிய லிசேயில் முதல் பத்து வீதம் என்பதும் போந்தியில் முதல் பத்து வீதம் என்பதும் சமமாக மதிக்கப்படவேண்டும் என்பதே இதன் அடிப்படை.

இத்தனை நடந்தும் 64, 9 என்ற எண்கள் ஏன் அசையவில்லை? ஒன்று, இத்திட்டங்கள் தொட்ட பிள்ளைகள் சிலரே. இரண்டு, பெரும்பாலான திட்டங்கள் பிள்ளையை மாற்ற முயன்றனவே ஒழிய, வாசலை மாற்றவில்லை. மூன்று, பல திட்டங்கள் லிசேயில், சில வேளை பக் பரீட்சைக்குப் பின்னரே தொடங்கின. அதற்குள் பாதிப் பிள்ளைகள் தொலைந்துவிட்டிருந்தார்கள்.

ஊக்கம் என்பது எது?

ஊக்குவித்தால் போதும் என்று நினைப்போருக்குச் சில ஆய்வுகளைச் சொல்லவேண்டும். 2015–16இல் பாரிஸ் பிராந்திய லிசேக்களில், இளம் பெண் விஞ்ஞானிகள் வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் தமது வேலையைப் பற்றிப் பேசினார்கள். அதன் விளைவாக, கடைசி ஆண்டில் கணிதத்தில் சிறந்து விளங்கிய பெண்பிள்ளைகளிடையே விஞ்ஞானப் பிரெப்பாவுக்குப் போனோரின் பங்கு தெளிவாகக் கூடியது. புள்ளிகள் மாறவில்லை. தன்னைப் போன்ற ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்பதைக் கண்ணால் கண்டதே வேறுபாடு. எங்கள் புறநகரும் அடங்கிய கிரெத்தெய் கல்விப் பிராந்தியத்தில் 2008–09இல் கொலேஜ் முதலாண்டுப் பெற்றோரைச் சில கூட்டங்களுக்கு அழைத்துப் பாடசாலை எப்படி இயங்குகிறது என்று விளக்கினார்கள். பெற்றோரின் ஈடுபாடு கூடியது. பிள்ளைகள் வகுப்புக்கு வராமலிருப்பதும் ஒழுக்கக்கேடுகளும் குறைந்தன.

மூன்றாவது ஆய்வு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து வருவது. அங்குள்ள புகழ்பெற்ற அரச பல்கலைக்கழகத்துக்கு, நல்ல புள்ளிகள் பெற்ற ஏழை மாணவர்கள் விண்ணப்பிப்பதே அரிதாக இருந்தது. 2015 முதல், தெரிவுசெய்யப்பட்ட மாணவருக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள்: உமக்கு அனுமதி கிடைத்தால் நான்கு ஆண்டுகளும் கல்விக் கட்டணம் இல்லை, இது உறுதி. கடிதம் பெறாதவரில் கால்வாசிப் பேரே விண்ணப்பித்தார்கள். பெற்றவரில் மூன்றில் இரண்டு பங்கினர். சேர்ந்தோர் தொகை இரு மடங்குக்கு மேலானது. இதில் கவனிக்க வேண்டியது, இம்மாணவரில் பெரும்பாலோருக்கு அந்த உதவி முன்னரும் கிடைத்தே இருக்கும். ஆனால் அது படிவங்களின் பின்னால், பலவாகிய நிபந்தனைகளோடு மறைந்திருந்தது. கடிதம் அதை முன்கூட்டியே, பெயர் சொல்லி உறுதிசெய்தது. மாறாக, கல்லூரிகள் பற்றிய பொதுவான தகவல் மட்டும் அடங்கிய பொதிகளைப் பெருந்தொகை மாணவருக்கு அங்கே அனுப்பிப் பார்த்தபோது பலன் எதுவும் தெரியவில்லை.

ஆக, 'படி, படி' என்ற அதட்டலை இந்த ஆய்வுகளில் எதுவும் ஊக்கம் என்று குறிப்பிடவில்லை. அது எமது வீடுகளில் தாராளமாகவே கிடைக்கிறது. சனி ஞாயிறுகளில் ரியூசன் என்ற பெயரிலும் கிடைக்கிறது. வழி முன்னதாகவே தெரிவிக்கப்படுதல், பணம் பற்றிய உறுதி, அவ்வழியில் போன ஒருவரின் முகம் ஆகிய மூன்றுமே பிள்ளையை அசைக்கின்றன.

தரப்படுத்தலும் நாமும்

இங்கே எமது சொந்த வரலாற்றைத் தொடாமல் போக முடியாது. 1970/71 அனுமதியின்போது பொறியியலுக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400இல் 250 புள்ளிகள் பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதுமானதாக இருந்தது. எழுதிய மொழியை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்த இந்த ஏற்பாடு அப்பட்டமான இனப் பாரபட்சம். அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டையும் அதன் பின் வந்த பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டையும் இதே மூட்டையில் கட்டி, எல்லாவற்றுக்கும் தரப்படுத்தல் என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். மாவட்ட ஒதுக்கீட்டின் பின்னால் அரசியல் நோக்கம் இருந்தது உண்மை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அதனால் இடம் இழந்ததும் உண்மை. மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போகத் தொடங்கியதும் அதே அளவுக்கு உண்மை.

நான் முல்லைத்தீவு மாவட்ட ஒதுக்கீட்டில் பல்கலைக்கழகம் போனவன். எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் ஆசிரியர் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் ரியூட்டரிகளில் படித்து வந்த நண்பர்களின் புள்ளிகள் என்னுடையவற்றைவிட அதிகம். முதலாண்டில் அந்த இடைவெளி தெரிந்தது, இறுதியாண்டில் தெரியவில்லை. பின்னர் அதே துறையில் விரிவுரையாளனாக நின்றபோது, வன்னிப் பிள்ளையின் 220 புள்ளிகளும் யாழ்ப்பாண நகரப் பிள்ளையின் 260 புள்ளிகளும் ஒரே பொருளைச் சொல்லவில்லை என்பதை ஒவ்வோர் ஆண்டும் கண்டேன்.

இன்று பாரிஸ் புறநகரில் எமது பிள்ளைகள் இருப்பது அந்த வன்னிப் பிள்ளையின் இடத்தில். லூயி-லு-கிராந்தின் அயலில் வளரும் பிள்ளைக்கு இருப்பது, ஒரு காலத்தில் யாழ்ப்பாணக் கல்லூரிகளின் அயலில் வளர்ந்த பிள்ளைக்கு இருந்தது. ஆயினும் சியான்ஸ் போ உடன்படிக்கை பற்றியோ 30 வீத இலக்கு பற்றியோ பேச்சு வரும்போது, 'அது கறுப்பர்களுக்கும் அரபிகளுக்கும் கொடுக்கும் சலுகை, எங்கள் பிள்ளைகள் திறமையால் போவார்கள்' என்று சொல்லும் தமிழரை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அங்கே எமக்கு எதிராக நின்ற ஒதுக்கீடு என்ற சொல்லின் மீதான வெறுப்பு, இங்கே எமக்காக நிற்கும் ஒன்றைக் காணவிடாமல் கண்ணை மறைக்கிறது.

ஓர் ஆட்சேபம்

இடதுசாரி நண்பர்களிடமிருந்து வரக்கூடிய ஆட்சேபம் எனக்குத் தெரியும். சில பிள்ளைகளைப் பொறுக்கி மேல்மாடிக்கு ஏற்றுவதால் கீழ்மாடியில் இருப்போருக்கு என்ன லாபம்? மேல்மாடிக்கு நியாயத் தோற்றம் கொடுப்பதற்கல்லவா இது உதவும்? இதில் உண்மை உண்டு. ஒரு லிசேயிலிருந்து ஐந்து பேர் சியான்ஸ் போ போய்விட்டார்கள் என்பதைக் காட்டி, அதே லிசேயில் மாதக்கணக்காகக் கணித ஆசிரியர் இல்லாததை மறைத்துவிட முடியும். புறநகர்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்ற போராட்டத்துக்கு இது மாற்றீடு ஆகாது.

ஆனால் மாடிகள் இடியும்வரை எமது பிள்ளைகள் கீழேயே காத்திருக்கட்டும் என்று சொல்வது, பெரும்பாலும் தமது பிள்ளைகளை ஏற்கெனவே மேலே அனுப்பிவிட்டவர்களுக்கே எளிது. ஆசிரியர்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் அமைச்சுக்குள் புறநகரில் படித்த எவருமே இல்லாதிருப்பது, புறநகருக்கு நன்மையா என்றும் கேட்கவேண்டும்.

செய்யக்கூடியவை

எமது தமிழ்ப் பள்ளிகளில் சனி ஞாயிறுகளில் பெற்றோர் மணிக்கணக்காக வெளியே காத்திருக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்த நேரத்தில் மாதம் ஒரு மணி நேரம் போதும். வகுப்புச் சபை, மேன்முறையீடு, சிறப்புப் பாடத் தெரிவு, பார்க்கூர்சுப் ஆகியவற்றை வரிசையாக விளக்கலாம். உதவிப்பணத்துக்கான விண்ணப்பத்தை இடம் கிடைத்த பின்னரல்ல, அதே ஆண்டின் வசந்த காலத்திலேயே போடவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. இங்கே பிறந்து, எட்டு வயதிலிருந்து இங்கேயே வசித்த பிள்ளைக்குப் பதின்மூன்று வயதிலேயே பெற்றோர் பிரெஞ்சுக் குடியுரிமை கோரலாம் என்பதும், குடியுரிமை இல்லாதவருக்கு ஊதியம் தரும் கல்விக்கூடங்களின் கணக்கு மாறும் என்பதும் அப்படியே.

பிரெப்பாவுக்கும் பொறியியல் கல்விக்கூடங்களுக்கும் போன எமது பிள்ளைகள் இப்போது ஆங்காங்கே இருக்கிறார்கள். மேடையில் பொன்னாடை போர்த்துவதோடு அவர்களை அனுப்பிவிடுகிறோம். அதற்குப் பதிலாக ஒரு மணி நேரம் பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு இருக்கவிடுவோம். எங்கே தடுக்கினார்கள், எந்தப் பாடத்தில் முதல் தவணையில் நாலு புள்ளி வாங்கினார்கள், மூன்று பேர் படுக்கும் அறையில் எப்படிப் படித்தார்கள் என்பனவற்றை அவர்களே சொல்லட்டும்.

இவ்வேலையைத் தமிழருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வதிலும் பொருளில்லை. அதே படிவம் மாலி நாட்டவரின் வீட்டுக்கும் வருகிறது. ஒதுக்கீடுகளையும் உடன்படிக்கைகளையும் காக்கவும் விரிக்கவும் குரல் கொடுப்பதானால், அந்தக் குரல் கட்டடத்தின் எல்லா மாடிகளிலிருந்தும் வரவேண்டும்.

மாவட்ட ஒதுக்கீடு பற்றி நான் எழுதியதை ஏற்காதவர்கள் இருப்பார்கள். அவர்கள் அடுத்த இதழில் எழுதவேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாத ஒரு வேலையும் உண்டு. கொலேஜின் கடைசி ஆண்டுப் பிள்ளைகளுக்கான இறுதிப் படிவம் மூன்றாம் தவணையில், கோடை விடுமுறைக்கு முன்னர் வீடுகளுக்கு வந்துவிடும். அயல் வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருந்தால், கையெழுத்து வைக்குமுன் அதை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள்.